எண்பத்துமூணில் செய்த லென்ஸ்

— இந்த லென்ஸாலதான் எடுத்ததுன்னு இன்னொரு தடவை சொல்லுங்க சித்தி, கேக்குறேன்.

— இதாலதான் கண்ணு. எங்க கல்யாணம் ஆன புதுசுல உங்கப்பா என்னை எடுத்த படம். அவரும் போயிட்டார். பீரோவ ஒழிச்சப்ப ரெண்டும் கெடச்சுது. லென்ஸ் கடை வெச்சிருக்கிற பொண்ணு, அருமை தெரிஞ்சவ, உங்கிட்டயே இருக்கட்டுமேன்னு எடுத்துட்டு வந்தேன்.

— அருமை நல்லாவே தெரியும். உங்க கல்யாணம் எந்த வருஷம்?

— எண்பத்தொண்ணு. அன்னைக்குப் பூரா மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டு நின்னியே, மறந்துட்டியா?

— இந்தாங்க பூதக்கண்ணாடி. முன்வளையத்துல இருக்கிற நம்பரப் படிங்க.

— எட்டு... மூணு... அப்புறம் ஏதோ பொடிப்பொடியா இருக்கு.

— போதும். ரஷ்யாக்காரன் இந்த மாதிரி லென்ஸுல முதல் ரெண்டு எண்ணுலயே செஞ்ச வருஷத்தப் பொறிச்சிடுவான். எண்பத்துமூணு. உங்க கல்யாணத்தப்ப இந்தக் கண்ணாடி மணலாக் கெடந்திருக்கும். பொய் சொல்றதுக்கும் கொஞ்சம் கணக்கு தெரியணும் சித்தி.

— வயசாச்சும்மா. வேற லென்ஸா இருக்கும்.

— வேறதான். இந்தத் திரையப் பாருங்க. நீங்க தண்ணி குடிச்சுட்டிருந்தப்ப வாசல் மரத்த உங்க லென்ஸால எடுத்தேன். பின்னாடி இலையெல்லாம் எப்படி இருக்கு?

— பஞ்சு மாதிரி இருக்கு. அழகாத்தான் இருக்கு.

— இப்ப இது. அதே மரம், இன்னொரு லென்ஸ். ஹீலியோஸ். எழுபத்துநாலுல செஞ்சது.

— ஐய, இலையெல்லாம் சுத்துதே. எனக்கே தலை சுத்துது.

— சுத்தும். இதோட குணம் அது. இப்ப உங்க படத்துக்கு வாங்க. உங்க கொண்டையச் சுத்தி இலையெல்லாம் என்ன பண்ணுது?

— ...சுத்துது.

— எங்க வீட்ல இருந்தது ஒரே ஒரு ஹீலியோஸ். அது இதுதான். அம்மா செத்த மறுநாள், அழாதேன்னு சொல்லி அப்பா இத என் கையில குடுத்தார். ஹாஸ்டலுக்குக் கொண்டு போனேன். அப்புறம் இது அந்த வீட்டு வாசப்படிய மிதிச்சதே இல்ல. அம்மா செத்தது எந்த வருஷம்?

— எழுபத்தொம்பது.

— அப்ப நீங்க என்ன வேலை பாத்தீங்க?

— உனக்குத் தெரியாததா. நர்ஸ்.

— எந்த வார்டு?

— விடு கண்ணு.

— எந்த வார்டு?

— உங்கம்மா இருந்த வார்டு.

— பின்னாடி தெரியுற சுவரும் தண்ணிக் குழாயும் ஆஸ்பத்திரித் தோட்டம்தானே? மாடியில அவ மேல்மூச்சு வாங்கிட்டுக் கிடக்கிறா, கீழ மரத்தடியில உங்களுக்குப் படம். அதையும் கல்யாணப் படம்னு எங்கிட்டயே தூக்கிட்டு வந்திருக்கீங்க. கூச்சம்னு ஒண்ணு பொறந்ததிலேருந்தே கிடையாதா?

— மெதுவாப் பேசு. கடைக்கு ஆள் வராங்க.

— வரட்டும். ஊசி போட வந்த இடத்துல புருஷனையும் சேத்து வாரிட்டுப் போன ஆள் இவங்கதான்னு காட்டுறேன். இத்தனை வருஷமா நான் சந்தேகப்பட்டேன். சந்தேகப்பட்டதுக்காக என்னையே திட்டிக்கிட்டேன். அதுதான் பொறுக்கல. எதுக்கு இப்படிப் பண்ணீங்க, சொல்லுங்க.

— உங்கிட்ட சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்.

— அடேங்கப்பா, சத்தியம் வேறயா. அப்பாவுக்கா?

— அவருக்கு என்ன தெரியும், பாவம். அந்த வாரம் அவர் வேலையா வெளியூர் போயிருந்தார். என் பேருகூட அப்ப அவருக்குத் தெரியாது.

— அப்ப படத்த எடுத்தது யாரு, தோட்டக்காரனா?

— உங்கம்மா. சக்கர நாற்காலியில ஒக்காந்தபடியே எடுத்தா. “என் பொண்ணுக்கு நீ வேணும், அவருக்குப் பிடிக்கிற மாதிரி கொஞ்சம் சிரி”ன்னா.