பொழச்ச ஒருத்தியக் காட்டு

— பெட்டியத் திற, உம்மு ஷுக்ரி. மோதிரம், வளையல் எல்லாம் சரியா இருக்கான்னு பாத்துக்கோ.

— எதுக்கு சம்பந்தி இதத் தூக்கிட்டு வந்தே? நிச்சயத்த முறிச்சது என் மகன். மாப்பிள்ளை வீடு முறிச்சா நகை பொண்ணுக்குத்தான். நம்ம வழக்கம் உனக்குத் தெரியாதா?

— வழக்கம் கெடக்கட்டும். என் மக நஷ்வாகிட்ட என்ன குறையக் கண்டே, அதச் சொல்லு. உன் புள்ள எங்க வீட்டு வாசல்ல நின்னு, "அம்மா சொன்னாங்க அத்தை"ன்னு மூக்க உறிஞ்சுறான். எருமை மாதிரி வளந்திருக்கான், வெக்கமா இல்ல?

— என் மகன் ஷுக்ரியத் திட்டாத, பாவம். வீடு இன்னும் பூசி முடிக்கல, சிமெண்டு வெலை ஏறிப்போச்சு...

— சிமெண்டா! போன வாரம் இதே அடுப்படியில உக்காந்து ஜன்னல் திரைக்கு நிறம் பாத்தியே, அப்ப சிமெண்டு சும்மா குடுத்தாங்களா?

— என்னமோ போ. நமக்குக் குடுத்து வைக்கல. என்னை இந்த முலூக்கியாக் கீரைய ஆய விடு, அவரு சாப்பாட்டுக்கு வந்துருவாரு.

— அது ஏன் இடது கையால ஆயுற? வலது கை என்ன, மடியில தூங்குதா?

— சுளுக்கு.

— காட்டு.

— தொடாத! யா ரப்பி, அங்க தொடாதன்னு சொல்றேன்ல!

— ஏ தௌலத்... என்ன இது, கையத் தூக்கவே மாட்டேங்குற?

— கதவச் சாத்து.

— சாத்தியாச்சு. மாருலயா?

— ம். கொண்டைக்கடலையாட்டம் இருந்துச்சு. வலிக்கல, நோம்பு முடியட்டும்னு விட்டேன். இப்ப பெருசாயி, கைய அசைச்சா இழுக்குது.

— யார்கிட்ட சொன்னே?

— செவுத்துகிட்ட. இப்ப உன்கிட்ட. அந்த வியாதிதான், ராவ்யா. அதுக்கு எங்க வீட்டு வழி நல்லாத் தெரியும். எங்க அண்ணன், சின்ன மாமா, எதிர்வீட்டு ஃபத்ஹி... வந்துச்சுன்னா வெறுங்கையோட போகாது.

— கட்டின்னாலே அதுதான்னு யாரு சொன்னா? பாத்தாத்தானே தெரியும். சரி, உங்க அண்ணனுக்கு எங்க வந்துச்சு?

— கணையத்துல.

— மாமாவுக்கு?

— நுரையீரல்ல. சிகரெட்ட வாயிலேருந்து எடுத்ததே இல்லையே மனுஷன்.

— ஃபத்ஹிக்கு ஈரல்ல, எனக்கே தெரியும். கேளு இப்ப. ஈரல்ல வர்றது நம்மூரு ஆம்பளைங்கள்ல நெறைய பேருக்கு வருது, நெறைய பேர அடிச்சும் போடுது. கணையத்துல வர்றது ரொம்பப் பேருக்கு வராது, வந்தா தப்பிச்சவன் ரொம்பக் கொஞ்சம். மாருல வர்றது வேற. பொம்பளைங்களுக்கு எல்லாத்தையும் விட அதிகமா வர்றது இதுதான், ஆனா காலத்தோட போனவங்கள்ல முக்காவாசிக்கு மேல பொழச்சுக்குறாங்க. எல்லாம் நாய்தான், எல்லாம் வெறிநாயா?

— கத்தி பட்டா ஒடம்பு பூரா பரவிடுமாம்.

— பரவுறது கத்தியால இல்லடி, உன்ன மாதிரி நோம்பு முடியட்டும், பெருநாள் முடியட்டும்னு உக்காந்திருக்குறதால. இன்னும் ஒரு நாள் கூட உன்ன விட மாட்டேன்.

— பெரிய டாக்டரம்மா! இத்தனை பேசுறியே, இந்த ஊர்ல பொழச்ச ஒருத்தியக் காட்டு.

— அந்தக் கீரைத் தட்ட இங்க தள்ளு, நான் ஆயுறேன்.

— பாத்தியா, பேச்ச மாத்துற.

— இருக்காங்க. செத்தா ஊரே கூடி அழுவுது, வியாதி பேரு வெளிய வருது. பொழச்சா, "சும்மா ஒரு கட்டி, எடுத்தாச்சு"ன்னு வாய மூடிக்கிறோம். வீட்ல பொண்ணு இருக்கே, கட்டிக்குடுக்கணுமே! செத்தவங்கள மட்டுமே எண்ணிக்கிட்டிருந்தா பயம் வராம என்ன வரும்?

— எனக்குச் சாவுறதுக்குப் பயம் இல்ல, சம்பந்தி. சத்தியமா இல்ல.

— பின்ன எந்த எழவுக்குக் கல்யாணத்த நிறுத்தினே?

— உன் மகளுக்காகத்தான். மருதாணி காயுறதுக்குள்ள மாமியா வாந்தியெடுக்க ஏனம் ஏந்தணுமா அவ? முடியில்லாத தலையப் பாத்துக்கிட்டுப் பிள்ளை பெத்துக்கணுமா? சின்னப் புள்ள, பயந்துரும். எனக்குன்னு ஒரு பொண்ணு இல்ல. அவளத்தான் நெனச்சிருந்தேன். போகட்டும், நகையாவது அவ கையில இருக்கட்டும்னு பாத்தேன்.

— அடி பைத்தியக்காரி...

— அழுவாத. நீ அழுதா நானும் ஆரம்பிச்சுருவேன், கீரையெல்லாம் உப்பாயிடும்.

— எந்திரி. சால்வையப் போடு. கீழ டாக்ஸியில நஷ்வா உக்காந்திருக்கா. அவதான் உன்ன பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகப்போறா.

— அவளையா? அந்தக் கொழந்தைக்கு என்ன தெரியும்?

— என்ன தெரியாது? மருந்து ஏத்துற அன்னிக்கு எலுமிச்சம்பழத்த மோந்து பாக்கக் குடுக்கத் தெரியும். டாக்டர் மழுப்பினா விடாம கேக்கத் தெரியும். முடி கொத்துக்கொத்தா விழுறதுக்கு முன்னாடியே மழிச்சு விட்டு, கூடவே சிரிக்கவும் வைக்கத் தெரியும். பள்ளிக்கூடம் போற வயசுலயே அவ அம்மா தலைய அவளேதான் மழிச்சு விட்டா.

— யாரு... எந்த அம்மா தலைய?

— அவளுக்கு எத்தனை அம்மா, தௌலத்?