இடது பக்க லிவர்

அந்தப் பக்கம் வேணாம் சார், அது ஷெட்டுக்குப் போற வழி. இப்படி முன் ரூம்ல வந்து உக்காருங்க. பைய மட்டும் மடியிலயே வெச்சுக்கங்க, தெறக்காதீங்க. உள்ள இருக்கறது லிவர்தானே? பழைய ரேஸ் சைக்கிளோட இடது பக்க பிரேக் லிவர்? சரி சரி, காட்ட வேணாம். கொஞ்சம் மெல்லப் பேசுங்க, அவ்ளோதான்.

ஆமா, போன்ல பேசினது நான்தான். விளம்பரத்துல என் நம்பரத்தான் குடுத்திருக்கோம். எங்க வீட்டுக்காரர் கையில எப்பவும் கிரீஸ், போன எடுத்தா வழுக்கிட்டு ஓடும். நானே எடுத்துப் பேசிக்கறேன்னு சொல்லிட்டேன். எவ்ளோ ஒத்தாசையான பொண்டாட்டி பாருங்க.

அந்தச் சத்தமா? சண்டை இல்ல சார், பயப்படாதீங்க. எங்க வீட்டுக்காரரும் அவர் தம்பியும்தான். பின் சக்கரத்துக்குள்ள எத்தன பேரிங் குண்டு போடணும்னு பேசிக்கறாங்க. நெசமாவே சண்டை போட்ட காலத்துல சத்தமே இருக்காது. பத்துப் பதினோரு வருஷம் கப்சிப். ரோட்ல எதிர்ல பாத்தா இவரு கடைப் பலகைய எழுத்துக்கூட்டிப் படிப்பாரு, அவரு குனிஞ்சு செருப்பு வாரப் பாப்பாரு.

காரணம் என்ன, சொத்து பிரிச்சதுதான். எங்க மாமனார் அந்தக் காலத்துல ரேஸ் ஓட்டினவரு. வளஞ்ச ஹேண்டிலு, ஒல்லி டயரு, அந்த சைக்கிள் மேல அவருக்கு அப்படி ஒரு உசுரு. அவர் போனதும் வீடு, பீரோ, பாத்திரம் எல்லாம் பிரிச்சாச்சு. சைக்கிள்ல வந்து நின்னுது. விட்டுக் குடுக்க ரெண்டு பேருக்கும் மனசில்ல. கடைசில என்ன பண்ணாங்க தெரியுமா? சிரிக்கக் கூடாது. பிரேம் இவருக்கு, சக்கரம் ரெண்டும் அவருக்கு! சத்தியமா சார். பிரேம் எங்க ஹால் சுவத்துல தொங்குச்சு. சக்கரம் அங்க கட்டிலுக்கு அடியில. அன்னைக்கோட பேச்சு நின்னுது.

சேத்து வெச்சது யாரா? நானும் என் ஓரகத்தியும்தான். அந்தத் தம்பியோட பொண்டாட்டி. சண்டை அவங்களுக்குள்ளதானே, நாங்க தெனம் போன்ல பேசிட்டுத்தான் இருந்தோம். இவரு ரிடையர் ஆனதும் பிரேமுக்குப் புதுசா பெயிண்ட் அடிக்கணும்னு ஆசை வந்துச்சு. சக்கரம் இல்லாத வண்டிக்குப் பெயிண்ட் அடிச்சு ஆணியில ஓட்டப் போறீங்களான்னு நான் இங்க ஆரம்பிச்சேன். வெறும் வளையத்த கட்டிக்கிட்டு எத்தன நாளைக்குன்னு அவ அங்க. அடி மேல் அடிச்சா அம்மியும் நகரும்ல? ஒரு ஞாயித்துக்கிழம கொழுந்தனார் தோளுக்கு ஒரு சக்கரமா மாட்டிட்டு வந்து நின்னாரு.

ஆனா வாசல்லயே சொல்லிட்டாரு. ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம வருவேன், அதுவும் வண்டி முடியற வரைக்கும்தான். முடிஞ்சதும் காச சுண்டிப் போட்டுப் பாப்போம், யாருக்கு விழுதோ அவங்க எடுத்துக்கட்டும். அதுக்கப்புறம் இந்தப் படி ஏற மாட்டேன்னாரு. நான் நேரா அடுப்படிக்குப் போயி ஓரகத்திக்குப் போன் போட்டேன்.

மொத பஞ்சாயத்து கலரு. அப்பா வண்டி நீலம்னு இவரு, பச்சைன்னு அவரு. எங்க மாமனார் அப்பப்ப வேற வேற கலர் அடிச்சிருக்காரு போல. தேய்க்கத் தேய்க்க ரெண்டும் வருது! ஒரு நாள் பிரேம்ல கியர் லிவரப் பிடிச்சிட்டிருந்த பட்டையக் கழட்டினாங்க. மாமனார் அதக் கழட்ட சோம்பல்பட்டு, அத விட்டுட்டு சுத்திவர மட்டும் பெயிண்ட் அடிச்சிருக்காரு. அதுக்கடியில விரல் அகலத்துக்கு மொத பெயிண்ட் அப்படியே இருக்கு. கத்திரிப்பூ கலரு சார்! ரெண்டு பேரும் பேந்தப் பேந்த முழிச்சாங்க. அப்புறம் சிரிச்சாங்க பாருங்க ஒரு சிரிப்பு. அடுப்படியில நின்னு நான் அழுதுட்டேன், சொல்றதுக்கென்ன.

மொதல்லல்லாம் குடிக்கற தண்ணியக்கூட அவர் பாட்டில்ல கொண்டு வருவாரு. அப்புறம் எங்க வீட்டுத் தண்ணி. அப்புறம் டீ. சாப்பாடு மட்டும் இன்னும் எறங்கல. உச்சி வெயிலானாலும் கெளம்பிடுவாரு. பெயிண்ட் அடிச்சு முடிச்ச அன்னைக்கு ஈரத்துல ஒரு கொசு வந்து ஒட்டிக்கிச்சு. மறுபடி உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, மறுபடி அடிச்சு, ஒரு மாசம் ஓடிச்சு. அந்தக் கொசுவுக்குக் கோயிலே கட்டலாம்.

இப்ப எல்லாம் முடிஞ்சாச்சு. சும்மா இருக்க முடியாம மாட்டினதக் கழட்டி மாட்டறாங்க. பாக்கி இந்த இடது லிவர் ஒண்ணுதான். கடையில புதுசு எத்தனையோ கெடைக்குது. ஆனா கூடாதாம். அதே கம்பெனி, அதே வருஷம், உள்பக்கம் அதே முத்திரை இருந்தாத்தான் வண்டி முடிஞ்சதா அர்த்தமாம். இந்த ஒரு விஷயத்துல அண்ணனும் தம்பியும் ஒரே கட்சி.

என்ன? ஷெட்ல வெச்சுப் பொருந்துதான்னு பாக்கணுமா? அய்யோ, உக்காருங்க சார். அச்சு அசலாப் பொருந்தும். இதுக்கு முன்னாடி வந்த ரெண்டையும் இவரு தூங்கறப்ப நானே வெச்சுப் பாத்தேன், பொருந்துச்சே.

ஆமா, ரெண்டு. ஒண்ணு என் தையல் மெஷின் டிராயர்ல கெடக்கு. இன்னொண்ணு ஓரகத்தி வீட்டு மாவு டப்பால. உங்களது மூணாவது. வெறுங்கையோட உங்கள அனுப்பினா இவர் கண்ணுல எங்கயாவது மாட்டிக்குவீங்க, அதான் வாங்கிடறது. இப்படியே எத்தன நாளைக்கா? அதுக்கும் எங்க ரெண்டு பேருக்குள்ள ஒப்பந்தம் இருக்கு சார். கொழுந்தனார் என்னைக்கு இந்த வீட்ல உக்காந்து ஒரு வாய் சாப்பிடறாரோ, அன்னைக்கு நானே எடுத்துக் குடுத்துடறதுன்னு.

ஷ்ஷ், வர்றாரு. பைய நாற்காலிக்குக் கீழ தள்ளுங்க.

ஏங்க, இவரா? தண்ணி மீட்டர் பாக்க வந்தவரு. இல்லீங்க, லிவருக்கு இன்னும் யாரும் போன் பண்ணல. என்னது? இன்னொரு தட்டா? யாருக்கு? உங்க தம்பிக்கா? அவரே சொன்னாரா? ம். சரி, போடறேன். கிரீஸ் போகக் கை கழுவிட்டு வரச் சொல்லுங்க.

போயிட்டாரா? இருங்க சார், கதவச் சாத்திக்கறேன். ஆமா ஆமா, ஒப்பந்தம் ஞாபகம் இருக்கு, இப்பத்தானே என் வாயால சொன்னேன். அதுக்காக? ஒரு வேள சோத்த நம்பி லிவர எடுத்துக் குடுத்துட முடியுமா? அத இங்க குடுங்க. அடுத்த ஞாயித்துக்கிழமையும் சாப்பிடட்டும், பாக்கலாம்.