உயிரோடிருப்பவர்களை எண்ணிய டோன்யா மிர்த்தா அவர்களுக்கு

எண்களுக்கு அஞ்சாதவரே! எண்களுக்குப் பின்னால் நிற்கும் மனிதர்களுக்காக மட்டுமே அஞ்சியவரே! இருபத்தாறு ஆண்டுகள் ரொசாரியோ இதயநோய் ஆய்வு அலுவலகத்தின் பூட்டிய அறையில் தனியே அமர்ந்து, அங்கே கண்டதை முகத்தில் காட்டாமல் வெளியே வந்து, இன்று ஓய்வுபெறும் எங்கள் புள்ளியியலாளர் டோன்யா மிர்த்தா எச்சாகுவே அவர்களே! வணக்கம்.

பாராட்டு மடலில் பயத்தைப் பற்றி எழுதலாமா என்று தயங்கினோம். ஆனால் உங்களைப் பாராட்ட நினைத்தாலே அந்த ஜூன் மாதம்தான் முன்னால் வந்து நிற்கிறது.

வின்சூக்கா பூச்சி கடித்து இதயம் வீங்கியவர்கள், பதினோரு ஊர்களில் அறுநூற்றுப் பன்னிரண்டு பேர். பாதிப் பேருக்குப் புது மாத்திரை, மீதிப் பேருக்குப் பழையது. எந்தப் பக்கத்தில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று கூட்டிப் பார்க்கும் உரிமை உங்கள் ஒருவருக்கே இருந்தது. இரு பக்கத்துக்கும் உள்ள இடைவெளி எல்லைக்கோட்டைத் தொட்டால் ஆய்வை நிறுத்த வேண்டும் என்பது முதல் நாளே எழுதிவைத்த விதி.

ஜூன் ஒன்றாம் தேதி காலை நீங்கள் வெளியே வந்தீர்கள். கையிலிருந்த மாத்தே தேநீர் ஒரு வாய்கூடக் குடிக்காமல் ஆறிப்போயிருந்தது.

"இன்னிக்கு யார் யார் உயிரோட இருக்காங்கன்னு எனக்குத் தெரியணும். ரெண்டு பக்கமும், ஒருத்தர் விடாம. பத்து நாள் டைம்."

"உயிரோட இருக்கீங்களான்னு கேட்டா செருப்பைக் கழட்டுவாங்க, டோன்யா!" என்றார் உங்களுக்கு அடுத்த நிலையிலிருந்த ஒஸ்வால்தோ.

"அடிக்கத் தெம்பு இருந்தா உயிரோட இருக்காங்கன்னு எழுதிக்கோ."

நீங்கள் சிரிக்கவில்லை. அப்போதுதான் எங்களுக்குப் பயம் பிடித்தது. தொலைபேசி மணி ஐந்து முறை, ஆறு முறை அடிக்கும், எடுக்கமாட்டார்கள். ஏழாவதில் ஒரு மகன் எடுத்தான். "அப்பாவா? ஈஸ்டருக்கு முன்னாடியே புதைச்சிட்டோமே. உங்களுக்கு யாரும் சொல்லலியா?"

எங்கள் செவிலியர் நெலிடா உங்கள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "டோன்யா, எங்கப்பா புது மாத்திரைதான் சாப்பிடுறாரு. நிறுத்தச் சொல்லட்டுமா? வாயத் தெறக்க வேணாம், தலைய மட்டும் ஆட்டுங்க."

நீங்கள் தலையை ஆட்டவில்லை. "பட்டியல்ல இன்னும் நாப்பது பேர் இருக்காங்க, நெலிடா. போ." கல்நெஞ்சக்காரி என்று அன்று உங்களைத் திட்டினோம். மன்னியுங்கள்.

ஆய்வு முடிந்து குறிப்பேடுகள் திறக்கப்பட்ட பிறகே எங்களுக்கு விளங்கியது. அன்றைய கணக்கில் புது மாத்திரைப் பக்கம்தான் அதிகச் சாவு. எல்லைக்கோட்டைத் தொட இரண்டே மரணங்கள் பாக்கி. நீங்கள் ரகசியமாகச் சொன்ன கணக்கைக் கேட்டு, நிறுத்திவிடலாம் என்றார் ஆய்வின் கண்காணிப்புக் குழுத் தலைவர். "செத்தவங்களை எண்ணியாச்சு, டாக்டர். உயிரோட இருக்கறவங்களை யாரும் எண்ணல," என்றீர்கள் நீங்கள்.

பிழை எங்களுடையது. புது மாத்திரைக்காரர்கள் ரத்தப் பரிசோதனைக்கு மாதந்தோறும் வந்தார்கள். அவர்கள் இறந்தால் உடனே தெரிந்துவிடும். பழைய மாத்திரைக்காரர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான் வந்தார்கள். சேதி வராதவர்களையெல்லாம் உயிரோடிருப்பதாகவே எழுதிவைத்தோம். நாங்கள் தொலைபேசியில் தேடியதில் அந்தப் பக்கத்தில் பத்தொன்பது மரணங்கள் வெளிவந்தன. உங்களுக்கு வேண்டியிருந்தது அந்தப் பாதிதான். ஆனாலும் எந்தப் பக்கத்துக்காகப் பயப்படுகிறீர்கள் என்று எவரும் ஊகித்துவிடக் கூடாதென்று எல்லோரையும் தேடவைத்தீர்கள். ஆய்வு நிற்கவில்லை. உயிர் காப்பது புது மாத்திரையே என்று முடிவில் தெரிந்தது. நெலிடாவின் தந்தை டோன் எவரிஸ்தோ இதோ இந்த விழாவின் முதல் வரிசையில், எம்பனாதா பலகாரத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கிறார்.

உங்கள் அறைச் சாவி இப்போது ஒஸ்வால்தோவிடம் இருக்கிறது. வாங்கிய நாளிலிருந்து அவர் ஒரு கேலிகூடப் பேசவில்லை. வியாழக்கிழமை அடுத்த ஆய்வின் கணக்கு வருகிறது. எங்கள் அச்சத்தை மறைக்க எங்களுக்குத் தெரியவில்லை, டோன்யா.

நோயின்றி, நெடுங்காலம், ஆறாத மாத்தேயோடு நீங்கள் வாழ வேண்டும். ஆனால் சேதி இல்லை என்பதால் நீங்கள் நலமென்று நாங்கள் எழுதிக்கொள்ள மாட்டோம். ஒவ்வொரு ஜூன் ஒன்றாம் தேதியும் உங்களைக் கூப்பிடுவோம். செருப்பைக் கழற்றினாலும் சரி, முதல் மணியிலேயே எடுத்துவிடுங்கள்.

நடுங்கும் அன்புடன்,
ரொசாரியோ ஆய்வு அலுவலகப் பணியாளர்கள்