அடிக்காத அலாரம்

மாணவி: ...அதனாலதான் சார் சொல்றேன். கேன்டீன்ல மாட்டின எங்க கேஸ் அலாரத்தை இன்னைக்கே கழட்டிடுங்க.

பேராசிரியர்: முதல் பரிசு வாங்கின புராஜெக்ட்மா! பிரின்சிபாலே கைதட்டி மாட்டினாரு. கழட்டுன்னா...

மாணவி: அது வேலை செய்யாது சார்.

பேராசிரியர்: ஆய்வுக்குழு முன்னாடி கணீர்னு அடிச்சுதே?

மாணவி: அது... திட்டாதீங்க சார்...

பேராசிரியர்: திட்டலை. சொல்லு.

மாணவி: சென்சார் கேஸைக் கண்டுக்கவே இல்ல. மண்டையை உடைச்சுக்கிட்டதுதான் மிச்சம். கடைசியில ரகசியமா ஒரு சுவிட்ச் வெச்சோம். எங்க டீம்ல தாடி வெச்ச பையன் அமுக்குறதா ஏற்பாடு.

பேராசிரியர்: சரி, அமுக்கிட்டான். விடு.

மாணவி: அமுக்கல சார்! பதட்டத்துல வயர் கையோட வந்துடுச்சு. மானம் போச்சுன்னு நின்னோம்... அப்பப் பாத்து அடிச்சுது.

பேராசிரியர்: பாத்தியா? தானா அடிச்சிருக்கு!

மாணவி: நாங்களும் அப்படி நெனச்சுத்தான் தலைகால் புரியாம ஆடினோம். நேத்து லைட்டர் கேஸை அதுகிட்ட காட்டினேன். மூச்சு விடல.

பேராசிரியர்: ஒரு தடவை அடிக்கலைன்னா...

மாணவி: லைட்டரே காலி சார்! சமையல்கார அண்ணன் முன்னெல்லாம் சிலிண்டரை மூடிட்டுத்தான் வீட்டுக்குப் போவாராம். இப்ப மூடுறதில்ல. "அதான் உங்க மணி இருக்கே பாப்பா"ங்கிறாரு.

பேராசிரியர்: ...நான் மூடச் சொல்றேன்.

மாணவி: ஏன்னு கேட்டா?

பேராசிரியர்: ஏதாவது சொல்லிக்கலாம்.

மாணவி: வாங்க சார், பிரின்சிபால்கிட்ட உண்மையைச் சொல்லிடலாம். பரிசைப் பிடுங்கிக்கட்டும்.

பேராசிரியர்: பரிசோட நிக்காதும்மா. பசங்க கையால செஞ்சு படிக்கணும்னு இந்தப் பாடத்தைக் கொண்டுவர யார் யார் காலைப் பிடிச்சேன் தெரியுமா? ஒண்ணுகூட வேலை செய்யலைன்னு தெரிஞ்சா இழுத்து மூடிடுவாங்க.

மாணவி: ஒண்ணுகூடவா? எங்களுதுதானே சார் வேலை செய்யல?

பேராசிரியர்: அதை விடும்மா, கிளாஸுக்கு நேரமாச்சு.

மாணவி: சார்... எங்க ஹாஸ்டல் மாடியில இருக்கிற தீ அலாரம் போன வருஷ சீனியருங்க செஞ்சது. அதை நம்பித்தான் அத்தனை பேரும் தூங்குறோம். அதுவும் நாங்க செஞ்சு காட்டின அதே ரூம்ல, உங்க முன்னாடி அடிச்சுதே?

பேராசிரியர்: அடிச்சுதும்மா... அந்த ரூம்ல என் மேஜைக்கடியில ஒரு மணி ஒட்டி வெச்சிருக்கேன். சுவிட்ச் என் காலுக்கடியில. அவங்களுக்கும் சரி, உங்களுக்கும் சரி... அடிச்சது அதுதான்.