தொப்புன்னு கேட்ட செங்கல்

...இல்ல, நீங்களே சொல்லுங்க. முப்பது வருஷமா பழைய கட்டடமாப் பாத்து செங்கல் தட்டுறவன் நான். நேத்து வேலைக்கு வந்த இஞ்சினியர் பொண்ணு, ‘சார், இந்தச் செவரு நல்லாத்தான் இருக்கு’ங்குது, பத்துப் பேர் முன்னாடி! சுருக்குன்னு ஆயிடுச்சு. ‘உனக்குக் காது இருக்கா’ன்னு கேட்டுட்டேன்.

பெரிய தபாலாபீஸ் செவருங்க. நூத்தம்பது வருஷச் செங்கல். சுத்தியால லேசாத் தட்டுனா நல்ல கல்லு ணங்குங்கும், உள்ள கெட்டுப்போனது தொப்புங்கும். தொப்புக்கெல்லாம் சாக்பீஸ்ல பெருக்கல் குறி. போறப்ப கீழ்வரிசை தட்டிக்கிட்டே போனேன், எல்லாம் ணங். திரும்பி வர்றப்ப மேல்வரிசை, செவரு இப்ப இடது பக்கம்... எல்லாம் தொப். ஒண்ணு விடாம! அப்பவாவது யோசிச்சிருக்கணும்ல? ம்ஹூம். ‘மேலருந்து மழைத்தண்ணி எறங்கியிருக்கு’ன்னு நாலு பக்கம் அறிக்கை எழுதிக் குடுத்தேன். படம் வேற போட்டு. நாளைக்குக் காலைல மேல்பாதியப் பிரிக்கப்போறாங்க, என் கையெழுத்த நம்பி. அந்தப் பொண்ணு சொன்னா நிறுத்தவா போறாங்க?

அதுக்கு அந்தப் பொண்ணு, ‘சார், இதே கல்லத் திரும்பி நின்னு தட்டிப் பாருங்க’ன்னுச்சு. தட்டுனேன். ணங். மறுபடி இந்தப் பக்கம் திரும்பித் தட்டுனேன். தொப். ஒரே கல்லுங்க! நான் என்ன பண்ணேன் தெரியுமா? ‘வெயில்ல கல்லு விரிஞ்சிருக்கு’ன்னு சொல்லிட்டு, வண்டிய எடுத்துக்கிட்டு நேரா இந்தக் காது டாக்டர்கிட்ட வந்துட்டேன். வாய்க்கு மட்டும் ஒரு கொறையும் இல்ல பாருங்க.

வீட்டுக்காரி ரெண்டு வருஷமாக் கத்துறா. பாவம், வயசானா இப்படித்தான் கோவம் வரும் போலன்னு அவளுக்காகப் பரிதாபப்பட்டேங்க நான்! போன்ல சத்தமே வரலன்னு மூணு போன் மாத்தியாச்சு. கடைக்காரன அயோக்கியன்னேன்.

என்னங்க?... ஆமா, சொல்லித்தான் ஆகணும். அது தெரியாமயா இங்க உக்காந்து உங்க உசுர வாங்குறேன்? வெக்கமா இருக்குங்க. அந்தப் பொண்ணு மூஞ்சிய எப்படிப் பாப்பேன்... சரி, இந்த டோக்கனக் கொஞ்சம் புடிங்க. போன் போட்டுடறேன்.

...பாத்தீங்களா, எடுக்க மாட்டேங்குது. கோவம் இருக்காதா பின்ன, அத்தன பேர் முன்னாடி... என்ன? பேசிக்கிட்டிருக்குதா? உங்களுக்கே கேக்குதா?... அடச்சே. கேக்குற காதுல வெக்கணும், வலது காதுல.

அம்மா, நான்தாம்மா. நாளைக்குச் செவுத்துல யாரையும் கை வெக்க விடாத. நீ சொன்னதுதான். செவரு நல்லாத்தான் இருக்கு.