வாசனைப் பாட்டிலும் வயிற்று வலியும்

சாரல் வந்து நனைத்தாலும் சற்றும் கலையாமல் அமர்ந்திருக்கும் இலத்தூர்ப் பெருமக்களே! இந்த மகளிர் நலக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் அண்ணாச்சி வல்லிநாயகம் அவர்களே! மேடையில் வீற்றிருக்கும் ஆன்றோர்களே! என் அன்னையரே, அக்காமாரே, தங்கைமாரே! சீசன் வியாபாரத்தையும் விட்டுவிட்டு ஐந்தருவியிலிருந்து வந்திருக்கும் கடைக்காரச் சகோதரிகளே! ஆய்க்குடியில் மகளிர் மருத்துவம் பார்க்கும் இந்த லோகநாயகியின் பணிவான வணக்கம்.

கர்ப்பப்பை என்ற சொல்லை நான் இன்னும் எடுக்கவே இல்லை. அதற்குள் பின்வரிசையில் நாலைந்து அண்ணாச்சிமார் டீ குடிக்க எழுந்துவிட்டார்கள். உட்காருங்கள் அண்ணாச்சி! இது உங்களுக்கும் சேர்த்துச் சொல்ல வந்த சேதி.

தென்காசியில் மாஜிதா என்றொரு பெண். கணவர் சமீர் ஷார்ஜாவில் வேலை பார்க்கிறார். அவளுக்கு வருடக்கணக்கில் அடிவயிற்றில் வலி. உட்கார்ந்தால் வலி, எழுந்தால் வலி, உறக்கத்தையும் உலுக்கி எழுப்பும் வலி! ஊர் என்ன சொன்னது? சூடு என்றது. சோம்பல் என்றது. நடிக்கிறாள் என்றது. கடைசியில், கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் எல்லாம் தீரும் என்று உறவினர் கூடிப் பேசி, ஆபரேஷனுக்கு நாளும் பார்த்துவிட்டார்கள். இன்னொரு பிள்ளைக்கு ஏங்கிக்கொண்டிருந்தவள் அவள்.

அதற்கு முன் ஒரு தடவை கேட்டுவிடுவோம் என்று, மாமியார் ஜாஹிரா பீவி அவளை என்னிடம் அழைத்து வந்தார். "டாக்டரம்மா, இவள மாதிரி சுத்தக்காரிய நீங்க பாக்க முடியாது. பின்னயும் ஏன் இப்படி வலிக்குன்னு தெரியலயே" என்றார்.

அந்தச் 'சுத்தம்' என்ற சொல் என்னை நிறுத்தியது. மாமியாரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, "எப்படிம்மா சுத்தம் செய்கிறாய்?" என்று கேட்டேன். பையிலிருந்து, பெண்ணுறுப்பைக் கழுவவென்று விற்கும் திரவப் பாட்டில் ஒன்றை எடுத்து வைத்தாள். பூ வாசனை அறையெல்லாம் வீசியது.

"ஷார்ஜாவுல இருந்து ஊருக்கு வர்ற ஆளுககிட்ட அவுக குடுத்து விடுதாக டாக்டர். உள்ள வரைக்கும் விட்டுக் கழுவுதேன். வலிக்கும்போதெல்லாம் கழுவுதேன். எம்பூட்டு கழுவினாலும் என் உடம்புல ஏதோ அழுக்கு இருக்குன்னுதான் தோணுது."

போதாததற்கு, சீட்டில்லாமல் மெடிக்கலில் வாங்கி விழுங்கிய ஆன்டிபயாடிக் மாத்திரைகள் வேறு!

தாய்மார்களே, கிருமி என்றாலே கெடுதல் என்று யார் சொன்னது? பெண்ணுறுப்பின் உள்ளே கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. நல்லவை நிறைந்திருக்கும்வரை, கெட்டவற்றைத் தலையெடுக்க விடுவதில்லை. வயலில் மருந்தடித்துப் பயிரையும் களையையும் சேர்த்துக் கருக்கிவிட்டால், முதலில் முளைப்பது எது? களைதானே! அதோ, ஒரு விவசாயி தலையாட்டுகிறார். மாஜிதா கழுவக் கழுவ அந்த நல்லவற்றின் காவல் போனது. காவல் போகப் போக அழற்சி வந்தது. அழற்சி வர வர வலி வளர்ந்தது. வலி வளர வளர, அவள் மறுபடியும் கழுவினாள்.

என்னம்மா கேட்கிறீர்கள்? தயிரிலும் நல்ல கிருமி இருக்கிறதே, அதைச் சாப்பிட்டால் சரியாகிவிடுமா? நன்றாகச் சாப்பிடுங்கள். ஆனால் தயிர்ச் சோற்றை மருந்தென்று எழுதித் தர எனக்குத் துணிச்சல் இல்லை! குடலில் உள்ள நுண்ணுயிர்களுக்கும் இந்த வலிக்கும் என்ன தொடர்பு என்று ஆராய்ச்சி இன்னும் நடக்கிறது. எல்லா வலிக்கும் இப்படிக் கழுவுவதே காரணமும் அல்ல. வலித்தால் வந்து காட்டுங்கள். அதைத்தான் கெஞ்சிக் கேட்கிறேன்.

மாஜிதாவுக்கு முதலில் அந்தப் பாட்டிலை நிறுத்தினேன். பரிசோதித்துப் பார்த்து, தேவையான மருந்தை மட்டும் கொடுத்தேன். சில மாதங்களில் அழற்சி அடங்கியது. வலி அடியோடு போனது என்று பொய் சொல்ல மாட்டேன், எப்போதாவது எட்டிப் பார்க்கிறது. ஆனால் ஆபரேஷன் வேண்டாம் என்று மாஜிதாவே வீட்டில் சொல்லிவிட்டாள்.

ஒருநாள் சமீர் போன் செய்தார். "டாக்டரம்மா, பாசமா நெனச்சுத்தான குடுத்து விட்டேன்! அதுவா அவள இந்தப் பாடு படுத்துச்சு? இங்கன எங்க ரூம்ல எல்லாவனும் வீட்டுக்கு இதத்தான் வாங்குதானுவ. இன்னைக்கே அவனுவகிட்ட சொல்லுதேன்" என்றார். அழுதுவிட்டார். அண்ணாச்சிமாரே, உங்களை ஏன் உட்காரச் சொன்னேன் என்று இப்போது விளங்குகிறதா? அன்பிருந்தும் அறியாமல் போனதால் ஒரு பெண் இத்தனை பாடுபட்டாள்!

இந்த மேடையில் பேசலாமா என்று மாஜிதாவிடம் அனுமதி கேட்டேன். பேரை மாற்றிச் சொல்கிறேன் என்றும் சொன்னேன். அவள் தலையை ஆட்டி மறுத்தாள்.

"பேரச் சொல்லியே சொல்லுங்க டாக்டர். இத்தன வருசமா நான் அழுக்குன்னு நெனச்சே கூனிப் போயிட்டேன். நான் அழுக்கு இல்லன்னு ஊருக்கு முன்னால ஒருக்கா சொல்லிருங்க."

சொல்கிறேன் மாஜிதா! மூன்றாம் வரிசையில் முக்காட்டை விலக்கி, முகம் நிமிர்த்தி அமர்ந்திருக்கும் என் தங்கையே, ஊர் கேட்கச் சொல்கிறேன்: நீ அழுக்கு இல்லை! வலியை வாய்விட்டுச் சொல்லாமல் இங்கே வந்திருக்கும் ஒவ்வொரு தாய்க்கும் சேர்த்துச் சொல்கிறேன்: நீங்கள் யாரும் அழுக்கு இல்லை!

நனைந்தும் நகராமல் கேட்ட உங்கள் நல்ல மனதுக்கு என் நன்றியும், வணக்கமும், ஸலாமும்.