கடைசி எண்ணுக்குப் பின் ஓர் இடைவெளி

இந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. அட்டையை நாலாக மடித்து அடியில் சொருகினால் ஆடாது. போகும்போது நானே செய்துவிட்டுப் போகிறேன், ஐயா. பழுது என்று ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் என் கை சும்மா இருக்காது.

ஆஸ்பத்திரிப் பதிவறையில் எனக்கு இது இருபத்தோராவது வருடம். நோயாளிகளின் பெரிய பட்டியல் என் பொறுப்பு. யாருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பது அதில் இருக்கும். வார்டுக் கம்ப்யூட்டரில் இருக்கும் எக்செல் தாளில் நோயாளியின் அட்டை எண்ணை அடித்தால் போதும். ஃபார்முலா என் பட்டியலுக்குப் போய் அதே எண்ணைத் தேடி, 'பெனிசிலின் கூடாது' என்றோ 'ஒவ்வாமை இல்லை' என்றோ எடுத்துக்கொண்டு வரும். எண் கிடைக்காவிட்டால் 'என்.ஏ.' என்று காட்டும். என்.ஏ. வந்தால் ஊசியை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட வேண்டும். அதுதான் விதி.

கூப்பிட்டார்கள். "அண்ணே, மறுபடியும் என்.ஏ. வந்து உக்காந்துக்கிச்சு, கொஞ்சம் வாங்களேன்" என்பார் வார்டு சிஸ்டர். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். எண்ணின் கடைசியில் யாரோ கைதவறி ஓர் இடைவெளியைத் தட்டியிருப்பார்கள். நம் கண்ணுக்குத் தெரியாது. ஃபார்முலாவுக்கு அது வேறு எண். நான் போய் ஒரு தட்டுத் தட்டி அதை அழிப்பேன். "உங்களுக்கு மட்டும் எப்படிண்ணே தெரியுது? எங்களுக்கெல்லாம் கண்ணு இருந்தும் பிரயோஜனம் இல்ல" என்று சிரிப்பார். வீட்டில் மனைவிக்கோ மகளுக்கோ என்னிடம் கேட்க ஒன்றும் இல்லை. என்னைத் தேடியது அந்த வார்டு மட்டும்தான். பதிவறையிலிருந்து பதினெட்டுத் தப்படி நடை. அது எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

நாளாக ஆக எல்லாரும் கவனமாக அடிக்கக் கற்றுக்கொண்டார்கள். அழைப்பு குறைந்தது. அதனால் என் பட்டியலில் இருக்கும் எண்ணுக்குப் பின்னால் இடைவெளியை நானே வைக்க ஆரம்பித்தேன். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்கள், ஒப்புக்கொள்கிறேன். வாரத்துக்கு இரண்டு கிள்ளு. கூப்பிட்டதும் வார்டுக்கே போய், அங்கிருக்கும் திரையில் பட்டியலைத் திறந்து அழிப்பேன். அதில் ஆபத்தும் இல்லை, என்.ஏ. வந்தால் ஊசி நின்றுவிடுமே. சும்மா படுத்திருப்பவர் எண்ணில் வைத்தால் சாயங்காலம்தான் கூப்பிடுவார்கள். ஊசி நேரம் நெருங்கியவர் எண்ணில் வைத்தால் உடனே கூப்பிடுவார்கள். அனுபவத்தில் தெரிந்துகொண்டது.

போன மாதம் சிஸ்டர் பதிவறைக்கு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "அண்ணே, இனிமே உங்கள அலைய விடமாட்டேன். என்.ஏ. வந்தா அதுக்குப் பதிலா 'ஒவ்வாமை இல்லை'ன்னு வர்ற மாதிரி ஃபார்முலாவ மாத்திட்டேன். போன்ல வீடியோ பாத்துக் கத்துக்கிட்டேன். தாளும் பாக்க சுத்தமா இருக்கு."

அது தப்பு என்று அந்த நொடியே எனக்குத் தெரியும். 'கிடைக்கவில்லை' வேறு, 'இல்லை' வேறு. சொல்லியிருக்கலாம். ஆனால் என்னைக் கேட்காமல் செய்திருக்கிறார், ஐயா. எனக்கு வலித்தது. "நல்லதும்மா" என்றேன்.

ஒன்பது நாள் தொலைபேசி அடிக்கவில்லை. வயர் கழன்றிருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்தேன்.

பத்தாம் நாள் பத்தரை மணி ஊசிக்கு ஒரே ஒருவர்தான் இருந்தார். காலில் புண்ணோடு வந்த தையல்காரர். அவர் மனைவி என் ஜன்னலில் நின்று, "அந்த பெனிசிலின் ஊசி மட்டும் வேணாங்க, போன தடவ மூச்சே நின்னுடுச்சு" என்று சொல்லி, நான் அடித்து முடிக்கும்வரை நகரவில்லை. அவர் எண்ணுக்குப் பின்னால் ஓர் இடைவெளி வைத்தேன். நீங்கள் காட்டிய கம்ப்யூட்டர் பதிவில் நான் அதை வைத்தது ஒன்பது ஐம்பது என்று இருக்கிறது. சரியான நேரம்தான்.

வார்டுத் தாளை என் திரையில் திறந்து பார்த்தேன். அவர் பெயருக்கு நேரே 'ஒவ்வாமை இல்லை' என்று வந்திருந்தது. சுத்தமாகத்தான் இருந்தது.

சிஸ்டருக்குச் சந்தேகம் வரும் என்று நினைத்தேன். எதற்கும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம் என்று தோன்றும் அல்லவா? தொலைபேசியைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டேன். மணி பத்தேகால். ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தேன், டயல் சத்தம் வந்தது. பத்து இருபத்தைந்துக்கு ஜன்னலைத் தாண்டி ஊசித் தட்டு போனது. தட்டைப் பிடித்திருந்த சிஸ்டர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நானும் அசைத்தேன். ரிசீவர் வழுக்கக் கூடாதே என்று உள்ளங்கையைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டேன்.

பிறகு ஓடுகிற சத்தம் கேட்டது. தையல்காரர் மனைவி அலறும் குரலும் கேட்டது. பத்து நாற்பத்தொன்றுக்கு இடைவெளியை அழித்தேன். பட்டியல் பிழையோடு இருக்கக் கூடாது.

சிஸ்டரை வேலையிலிருந்து நிறுத்திவைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். நல்ல பெண். என்னால் ஆன உதவி என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இடைவெளி என்னுடையது, தெரிந்தே வைத்தது, தெரிந்தே உட்கார்ந்திருந்தேன். ஆனால் வாக்குமூலத்தில் இதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. கூப்பிட்டிருந்தால் பதினெட்டுத் தப்படியில் போய் அந்தத் தையல்காரரைக் காப்பாற்றியிருப்பேன். சிஸ்டர்தான் கூப்பிடவில்லை.